டோக்கியோவில் ஒமகாசே சாப்பிடப் போகும் கடற்கரைக்காரர்களுக்கு

பாம்பன், மண்டபம், கீழக்கரைப் பக்கம் பிறந்தவர்கள் ஜப்பானில் சுஷி (வினிகர் சோற்றின்மேல் மீன் வைத்தது) கடை தேடும்போது ஒரு தப்பு செய்வோம். மீன் இன்று பிடித்ததா என்று பார்ப்போம். நானும் அப்படித்தான் போனேன். ஏலக்கூடத்தில் செவுளைத் தூக்கிப் பார்த்தே வளர்ந்த கண்ணுக்கு, ஒரு வாரம் பக்குவப்படுத்திய சூரை என்று சமையற்காரர் பெருமையாகச் சொன்னதும் எழுந்து ஓடிவிடலாமா என்றுதான் தோன்றியது.

ஆனால் எடோ (டோக்கியோவின் பழைய பெயர்) பாணி சுஷியே ஐஸ்பெட்டி இல்லாத காலத்தில் பிறந்தது. உப்பிலும் வினிகரிலும் சோயா சாஸிலும் மீனை ஊறவைத்துக் கெடாமல் காப்பாற்றினார்கள், நாம் கருவாடு போட்டது போலத்தான், அப்புறம் அதுவே ருசியாகிவிட்டது. சூரை மாதிரிப் பெரிய மீனைச் சில நாள் குளிரில் வைத்தால் சதை இளகிச் சுவை கூடும். அதனால் கடையைத் தேர்ந்தெடுக்கும்போது ஃப்ரெஷ் என்ற வார்த்தையை விட்டுவிட்டு, அங்கே சாப்பிட்டவர்கள் சோற்றைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடுங்கள். சோறு வெதுவெதுப்பாக இருந்ததா, சிவப்பு வினிகர் போட்டதா, புளிப்பு தூக்கலா என்றெல்லாம் எழுதுபவர் சாப்பிடத் தெரிந்தவர், அவரை நம்பலாம். படம் மட்டும் போடுபவரை நம்ப வேண்டாம்.

ஒமகாசே என்றால் ‘உங்களிடமே விட்டுவிட்டேன்’ என்று பொருள். மெனு கிடையாது, எட்டுப் பத்து நாற்காலி போட்ட ஒரு மேடை, அதற்குப் பின்னால் சமையற்காரர், முன்னால் நீங்கள். இடம் அவ்வளவுதான் என்பதால்தான் முன்பதிவுக்கு இத்தனை பாடு. மிகப் பிரபலமான கடையை முதல் பயணத்தில் துரத்தாதீர்கள். டோக்கியோவில் ஜிரோ என்பவரின் சுஷி கடையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், பொதுமக்களிடம் முன்பதிவே வாங்குவதில்லை என்பதால் 2019-இல், உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கும் மிஷலின் கையேடு அதைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. மதிய ஒமகாசே பாருங்கள். இரவில் 20,000, 30,000 யென் கேட்கும் தரத்துக் கடைகளிலேயே மதியம் பாதி விலைக்குக் கிடைப்பதுண்டு. யென்னைப் பாதியாக்கிக் கொஞ்சம் கூட்டினால் ரூபாய்க் கணக்கு வரும். தாபெலாக் என்ற ஜப்பானிய உணவக விமர்சனத் தளத்தில் மதிப்பெண் பார்ப்பவர்கள் 3.5-ஐப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம், அங்கே மதிப்பெண் போடுவதில் கஞ்சம், 3.5 தாண்டினாலே நல்ல கடை.

சரி, நாள். டோக்கியோவின் டொயோசு மீன் சந்தை ஞாயிற்றுக்கிழமையும் சில புதன்கிழமைகளும் திறக்காது, புத்தாண்டை ஒட்டியும் ஆகஸ்ட் நடுவிலும் விடுமுறை. கடைகள் பலவும் அதை ஒட்டியே மூடும். மீன்பிடித் தடைக்காலத்தில் நம்மூர் மீன்கடைக்குப் போய் நிற்கிற ஆள் இல்லையே நாம், அதே நினைப்போடு காலண்டரைப் பாருங்கள்.

முன்பதிவுக்கு இரண்டு வழி. டேபிள்செக், பாக்கெட் கான்சியெர்ஜ், டேபிள்ஆல் மாதிரித் தளங்களில் ஆங்கிலத்திலேயே போடலாம், சிலவற்றில் சேவைக் கட்டணம் தனி. இல்லாவிட்டால் தங்கும் ஓட்டலை முதலில் உறுதி செய்துவிட்டு, அவர்களையே கடைக்குப் போன் போடச் சொல்லலாம், பெரிய ஓட்டல்கள் இதைச் செய்து தருவார்கள், மலிவான ஓட்டல் என்றால் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பல கடைகள் அடுத்த மாதத்து இடங்களை ஒரு குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட நேரத்தில் திறக்கும். ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால், அங்கே பகல் 12 என்றால் இங்கே காலை 8.30. சேது எக்ஸ்பிரஸ் தட்கலுக்கு உட்காருவது போல உட்கார வேண்டும், பெயர், கார்டு எண் எல்லாம் கையில் தயாராக. கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கி ஆப்பில் திறந்துவிட்டீர்களா என்று முந்தைய நாளே பாருங்கள். இதை ஊரிலிருந்தே முடித்துவிடுவது நல்லது, அங்கே போய் ஓடிபி வராமல் தவித்தவர்கள் உண்டு.

ரத்து விதியைப் படிக்காமல் பணம் கட்டாதீர்கள். ஒரு கடையில், பெயர் வேண்டாம், இரண்டு பேருக்கு மொத்தமும் கட்டியிருந்தேன். அன்று காலையில் மச்சானுக்குக் காய்ச்சல், ரத்து செய்தோம், ஒரு யென்கூடத் திரும்பவில்லை. விதியில் எழுதியே இருந்தது, நான்தான் படிக்கவில்லை. உங்களுக்காக வாங்கிய மீனை அவர் வேறு யாருக்கும் விற்க முடியாது, எட்டு நாற்காலியில் இரண்டு காலி என்றால் கால்வாசி வருமானம் போச்சு. கோபப்பட வழியில்லை.

சாப்பாட்டில் எது ஆகாது என்பதை முன்பதிவின்போதே எழுதிவிடுங்கள். ஹலால் பார்ப்பவர்கள் இதைக் கவனமாகப் படிக்கவும். மீன்மேல் தூரிகையால் தடவும் சோயாவில் மிரின், சாக்கே என்னும் அரிசி மதுக்கள் காய்ச்சிச் சேர்ப்பது வழக்கம், கடைசியில் தரும் முட்டைத் துண்டிலும் சேரலாம், சில கடைகளில் சோற்றிலும். உட்கார்ந்த பிறகு கேட்டால் அவரிடம் மாற்று இருக்காது. முன்பே கேட்டால் சிலர் வெறும் சோயா வைப்பார்கள், சிலர் முடியாது என்பார்கள், முடியாது என்று நேராகச் சொல்லும் கடைமேல் எனக்கு மரியாதை அதிகம். இறால், நண்டு ஒவ்வாமையும் அப்படியே. சைவம் என்றால் இந்த வகைக் கடையே வேண்டாம். சின்னப் பிள்ளைகளைப் பல கடைகளில் அனுமதிப்பதில்லை.

அன்றைக்கு அத்தர், சென்ட் எதுவும் கூடாது. மீன் வாசனையைக் கெடுக்கும் என்று பல கடைக்காரர்கள் முன்பதிவிலேயே எழுதிவிடுவார்கள். மல்லிகைப் பூவைப் பற்றி எவரும் எழுதவில்லை, ஆனாலும் அன்று வைக்காமல் போவது உத்தமம். பத்து நிமிடம் முன்னதாகக் கடையைக் கண்டுபிடித்துவிடுங்கள், மூன்றாம் மாடியில் பலகையே இல்லாமலும் இருக்கலாம், எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஆரம்பிப்பதால் நீங்கள் தாமதித்தால் மற்றவர்களும் காத்திருக்க நேரும். கையால் சாப்பிடலாம், அந்த விஷயத்தில் நமக்கு எந்தப் பயிற்சியும் வேண்டாம். வைத்த உடனே வாயில் போடுங்கள், படம் எடுத்து முடிப்பதற்குள் சோற்றின் சூடு போய்விடும். டிப்ஸ் கிடையாது.

கடைசியில் முட்டை வந்தால் வரிசை முடிந்தது என்று அர்த்தம். வயிற்றில் இடமிருந்தால் அப்போது பிடித்ததை இன்னொன்று கேட்கலாம், அதற்குத் தனிக் காசு. அத்தனை விலையுயர்ந்த சூரையெல்லாம் சாப்பிட்டுவிட்டு நான் கேட்டது வினிகரில் ஊறவைத்த கானாங்கெளுத்தி.