முடிவை முதலில் சொல்லும் பழக்கத்தை மாற்றியது எப்படி

விளையாட்டு நிருபர் வேலையை விட்டு முழுநேரமாக நாவல் எழுத உட்கார்ந்தபோது ஒரு சிக்கல் விடாமல் கூடவே வந்தது. அத்தியாயத்தின் முதல் பத்தியிலேயே என்ன நடந்தது என்பது வந்து விழுந்துவிடும். செய்தியில் அதுதான் முறை: யார் ஜெயித்தார்கள், எத்தனை ரன், மற்றதெல்லாம் பிறகு. இடம் போதாவிட்டால் சப் எடிட்டர் கீழிருந்துதான் வெட்டுவார், அதனால் முக்கியமானது மேலே. நாவலுக்கு இது ஆகாது.

சரிசெய்ய உதவியது 1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவுடன் நடந்த ‘டை’ டெஸ்ட், அதாவது இரு அணிகளின் மொத்த ரன்னும் சமமாக முடிந்த ஆட்டம். இலக்கு 348, இந்தியா 347-இல் ஆல் அவுட். செய்திக்கு இந்த ஒரு வரி போதும். நான் கடைசி ஓவரை மட்டும் எடுத்துக்கொண்டேன். மூன்றாவது பந்தில் ஒரு ரன் ஓடி ஸ்கோரைச் சமன்செய்த ரவி சாஸ்திரி மறுமுனையில் நிற்கிறார். இனி அவர் கையில் எதுவும் இல்லை, ஆட வேண்டியவர் மணீந்தர் சிங். நான்காவது பந்தில் தப்பினார். ஐந்தாவதில் பந்துவீசிய கிரெக் மேத்யூஸ் அவுட் கேட்டு முறையிட, நடுவரின் விரல் உயர்ந்தது. அந்தந்த நொடியில் சாஸ்திரிக்குத் தெரியாத எதையும் எழுதக்கூடாது என்று வைத்துக்கொண்டேன். அவ்வளவு பரபரப்பான பக்கத்தை நான் அதுவரை எழுதியதில்லை.

இப்போது ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவையும் முதலில் தனித்தாளில் செய்தியாக எழுதி இழுப்பறையில் போட்டுவிடுகிறேன். பிறகு, அந்தக் காட்சியில் யாருக்கு மிகக் குறைவாகத் தெரியுமோ அவர் பக்கம் நின்று தொடங்குகிறேன். பழைய வேலையிலிருந்து கெடுவை மட்டும் விடவில்லை. இரவு பத்து மணிக்குள் அன்றைய பக்கம் முடிந்தாக வேண்டும்.