ஒரு லாகின், எண்ணூறு பட்டறைகள்: இணையதளத்தை ஈஆர்பியோடு இணைக்கும் முன்

பினாங்கில் நாசி கண்டார் சோற்றுக்கடை வரிசையில் நின்றவர்களுக்கு இது தெரியும். ஆபீஸில் பன்னிரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு தம்பிதான் போய் வாங்குவான். வரிசையில் நின்றது ஒருவன்தானே என்று கடைக்காரர் ஒரு பொட்டலத்துக்கு மட்டும் காசு வாங்குவாரா? மென்பொருள் உரிமத்திலும் இதே கணக்குதான். ஆனால் இணையதளம் செய்கிற நம்மில் பலர், ஏபிஐ (இரண்டு மென்பொருள்கள் பேசிக்கொள்ளும் வழி) லாகின் ஒன்று, அதனால் உரிமமும் ஒன்று போதும் என்று நினைக்கிறோம்.

நானும் அப்படித்தான் இருந்தேன். பாயான் லெப்பாஸில் உதிரிபாகம் விற்கும் ஒரு கம்பெனிக்கு ஆர்டர் தளம் செய்துகொடுத்தோம். எண்ணூறு பட்டறைக்காரர்கள் போனிலேயே ஆர்டர் போடுவார்கள், அது நேராக ஈஆர்பிக்குள், அதாவது கம்பெனியின் விற்பனை, ஸ்டாக், கணக்கு எல்லாவற்றையும் நடத்தும் மென்பொருளுக்குள், போய்விடும். ஏழு மாதம் கழித்து ஈஆர்பி விற்றவர்களிடமிருந்து, உரிமத்தைச் சரிபார்க்க வேண்டும் என்று ஆடிட் கடிதம் வந்தது. அதற்குப் பிறகு நான் கடைப்பிடிக்கும் வரிசை இது.

படி 1: தாளில் வரையுங்கள்

நிரல் எழுதுவதற்கு முன் ஒரு தாளை எடுங்கள். இடப்பக்கம் ஆட்கள்: வாடிக்கையாளர், விற்பனை ஊழியர், கிடங்குக்காரர். வலப்பக்கம் ஈஆர்பி. நடுவில் உங்கள் தளம், மிடில்வேர் (இரண்டையும் இணைக்கும் மென்பொருள்), டேட்டாபேஸ். ஒவ்வொரு அம்புக்குறியின் மேலும் ‘படிக்கிறது’, ‘திருத்துகிறது’, ‘புதிதாக உருவாக்குகிறது’ என்று எழுதுங்கள். இந்த மூன்று சொற்களில்தான் பின்னால் பணம் நிற்கிறது.

படி 2: ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்குங்கள்

விளம்பரத் தாள் வேண்டாம். கையெழுத்தான ஒப்பந்தமும் ஆர்டர் படிவமும் வேண்டும். உங்களுக்கு வேலை கொடுத்த கம்பெனி தயங்கும், விடாதீர்கள். ‘பயனர்’ என்றால் யார், ‘மறைமுகப் பயன்பாடு’ (வேறு மென்பொருள் வழியாகப் பயன்படுத்துவது) பற்றி என்ன சொல்கிறது, வெளியாட்களுக்கு அனுமதி உண்டா என்ற மூன்றையும் தேடுங்கள்.

பழைய ஒப்பந்தம் என்றால் இரட்டைக் கவனம் தேவை. மது நிறுவனமான டியாஜியோ, ஈஆர்பி விற்கும் எஸ்ஏபியோடு 2004-இல் ஒப்பந்தம் போட்டது. பிறகு சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற வேறு கம்பெனியின் மென்பொருள் மேல் இரண்டு செயலிகள் செய்தார்கள்: ஒன்று விற்பனைப் பிரதிநிதிகளுக்கு, இன்னொன்று வாடிக்கையாளர் நேரடியாக ஆர்டர் போடுவதற்கு. இரண்டும் எஸ்ஏபியின் சொந்த இணைப்பு மென்பொருள் வழியாகத்தான் போயின. அதற்குத்தான் காசு கட்டியிருக்கிறோமே என்பது டியாஜியோவின் வாதம். 2017 பிப்ரவரியில் இங்கிலாந்து உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அந்தச் செயலிகளைப் பயன்படுத்தியவர்களுக்கும் உரிமக் கட்டணம் உண்டு என்றது. எஸ்ஏபி கேட்டிருந்த தொகை 54 மில்லியன் பவுண்டுக்கு மேல். எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை அந்தத் தீர்ப்பு முடிவு செய்யவில்லை, ஆனால் அதைப் படித்துவிட்டு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

படி 3: தலைக்கணக்கா, பொட்டலக் கணக்கா?

இங்கே நிதானமாக உட்காருங்கள்.

தலைக்கணக்கு என்றால் ஆளையோ கருவியையோ எண்ணுவார்கள். மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வரைச் ‘சர்வர் + சிஏஎல்’ முறையில் (சிஏஎல் என்பது ஓர் ஆளுக்கோ கருவிக்கோ வாங்கும் அனுமதி) வாங்கியிருந்தால், நடுவில் எத்தனை மிடில்வேர் வைத்தாலும் சிஏஎல் எண்ணிக்கை குறையாது. கடைசி முனையில் இருக்கும் ஆள்தான் கணக்கு. ஆரக்கிள் டேட்டாபேஸிலும் இதே கதை. யார் வருவார், எத்தனை பேர் வருவார் என்றே தெரியாத பொதுத் தளத்துக்கு இது சரிப்படாது. அதற்கு எஸ்க்யூஎல் சர்வரில் கோர் கணக்கு, அதாவது சர்வரின் பிராசசருக்குள் இருக்கும் கோர்களை எண்ணும் முறை, இருக்கிறது. ஒரு பிராசசருக்குக் குறைந்தது 4 கோர் வாங்க வேண்டும், ஆனால் ஆளை எண்ண வேண்டியதில்லை.

பொட்டலக் கணக்கை எஸ்ஏபி 2018 ஏப்ரலில் கொண்டுவந்தது. வெளித் தளம் உள்ளே உருவாக்கும் ஆவணங்களை எண்ணுவார்கள், மொத்தம் ஒன்பது வகை. படிப்பதும் திருத்துவதும் கணக்கில் வராது, முதல் முறை உருவாக்குவது மட்டும்தான். விற்பனை ஆவணத்தில் வரிக்கு வரி எண்ணுவார்கள். உதாரணமாக, மாதம் 500 ஆர்டர், ஒவ்வொன்றிலும் 6 பொருள் என்றால் கணக்கு 500 இல்லை, 3,000. நிதி ஆவணமும் சரக்கு ஆவணமும் ஒன்றுக்கு 0.2 என்றுதான் எண்ணப்படும். எஸ்ஏபியின் பழைய வாடிக்கையாளர் பழைய முறையிலேயே இருக்கவும் வாய்ப்புண்டு, அதனால் எந்த முறை என்பதைக் கேட்டுவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

இது வடிவமைப்பையே மாற்றிவிடும். எங்கள் தளத்தில், பட்டறைக்காரர் கூடையில் ஒரு பேரிங் போட்டவுடனே ஈஆர்பியில் தற்காலிக ஆர்டர் உருவாகும். ஸ்டாக்கைப் பிடித்து வைக்க அப்படிச் செய்திருந்தோம், கெட்டிக்காரத்தனம் என்று வேறு நினைத்துக்கொண்டோம். பாதிப் பேர் கூடையை அப்படியே விட்டுவிட்டுப் போவார்கள், ஆவணம் மட்டும் உள்ளே கிடக்கும். இப்போது கூடை தளத்தின் சொந்த டேட்டாபேஸிலேயே இருக்கிறது. ‘உறுதி’ பொத்தானை அழுத்திய பிறகுதான் ஈஆர்பிக்கு ஒரே ஓர் அழைப்பு போகும்.

படி 4: அக்காவின் லாகினைக் கடன் வாங்காதீர்கள்

அவசரத்துக்குக் கணக்குப் பிரிவு அக்காவின் லாகினைத் தளத்தில் போட்டுவிடுவது நம் ஊரில் சர்வசாதாரணம். அந்த உரிமம் அவருடைய பெயருக்கு உரியது. ஆடிட்டர் பயன்பாட்டுப் பதிவை எடுத்துப் பார்த்தால், அக்கா அதிகாலை 3 மணிக்கு இருநூறு ஆர்டர் போட்டிருப்பார். இணைப்புக்கென்று தனி டெக்னிக்கல் பயனரைக் கேளுங்கள். தளத்திலிருந்து வரும் ஒவ்வொரு ஆர்டரிலும் வாடிக்கையாளர் எண்ணைப் பதிவு செய்யுங்கள். நாளைக்குக் கேள்வி வந்தால் உங்கள் பக்கமும் ஒரு கணக்கு இருக்க வேண்டும்.

படி 5: எழுத்தில் பதில்

படி 1-இல் வரைந்த படத்தை இணைத்து, ஈஆர்பி விற்றவருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்: “இந்த இணைப்புக்கு எங்களிடம் இருக்கும் உரிமம் போதுமா?” வாட்ஸ்அப்பில் “போதும் பாஸ்” என்று வரும் பதில் செல்லாது. அந்த விற்பனைப் பையன் அடுத்த மாதம் வேறு கம்பெனியில் இருப்பான்.

படி 6: உங்கள் பக்கத்து நூலகங்கள்

நூலகம் என்றால் தளத்தில் நாம் எடுத்துச் சேர்க்கும் ஆயத்த நிரல். எம்ஐடி, ஏஜிபிஎல் என்பவை அவற்றுக்கான திறமூல உரிமங்கள். இது சீக்கிரம் முடியும். எம்ஐடி உரிம நூலகம் என்றால் பதிப்புரிமைக் குறிப்பை அழிக்காதீர்கள். ஏஜிபிஎல் நிரலைத் திருத்தித் தளத்தில் ஓட்டினால், அந்தத் திருத்திய மூலநிரலைப் பயனர்களுக்கும் கொடுக்க வேண்டும். எஸ்க்யூஎல் சர்வர் டெவலப்பர் பதிப்பு இலவசம்தான், ஆனால் உருவாக்கவும் சோதிக்கவும் மட்டும்.

படி 7: மாதம் ஒருமுறை எண்ணுங்கள்

எத்தனை பயனர், எத்தனை ஆவணம், எத்தனை வரி என்று மாதக் கடைசியில் ஒரு ஷீட்டில் எழுதி வையுங்கள். வாங்கிய அளவில் 80 விழுக்காட்டைத் தொட்டால் வேலை கொடுத்த கம்பெனிக்குச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் மலேசியாவின் இ-இன்வாய்ஸ், அதாவது வரித்துறைக்கு மின்வழியில் அனுப்பும் விலைப்பட்டியல். 2024 ஆகஸ்ட் 1 முதல் பெரிய நிறுவனங்களில் தொடங்கிப் படிப்படியாக வந்ததால், இணைப்பு வேலையெல்லாம் முடிந்த பல கம்பெனிகளில் புதிதாக ஒரு மிடில்வேர் உள்ளே நுழைந்திருக்கிறது. ஈஆர்பியிலிருந்து இன்வாய்ஸை எடுத்து வரித்துறையின் மைஇன்வாய்ஸ் தளத்துக்கு அனுப்பும், அங்கிருந்து கிடைக்கும் அடையாள எண்ணைத் திரும்ப ஈஆர்பியில் எழுதும். ஆவணக் கணக்கில் அது வெறும் திருத்தம். தலைக்கணக்கு ஒப்பந்தத்தில் எப்படி என்பதை வாசகத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பழைய தாளை எடுங்கள், இன்னோர் அம்புக்குறி போடுங்கள், படி 2-இலிருந்து மறுபடி வாருங்கள்.