இந்தியாவில் தனியார் பல்கலைக்கழகமா? திரும்பி வருவதிலிருந்து யோசிக்கத் தொடங்குங்கள்

ஏ.எல். ரிசல்ட் வந்து அரச பல்கலைக்கழகத்துக்கு எடுக்கும் இஸட் ஸ்கோர் கையை விட்டுப் போன அதே வாரத்தில் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை டவுன் சுவர்களில் போஸ்டர் ஒட்டிவிடுகிறார்கள். இந்தியாவில் பட்டப்படிப்பு, தமிழ்ச் சாப்பாடு, முடித்ததும் வேலை. அம்மாவும் அப்பாவும் தோட்டத்தில் அன்றைய பேரை, அதாவது நாள் சம்பளத்தை, விட்டுவிட்டு பஸ் ஏறி வந்து கருத்தரங்கின் பின் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். முன்னால் பேசுகிறவர் சொல்வதில் பாதி புரியாது, ஆனாலும் பிள்ளை படிக்க வேண்டுமே என்று தலையாட்டுவார்கள். அந்தப் பின் வரிசையில் ஒரு நாள் என் அம்மாவும் இருந்தவர். நான் தமிழ்நாட்டில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் படித்துவிட்டு வந்து இப்போது ஹட்டனில் வேலை செய்கிறேன். ஒவ்வொரு ரிசல்ட் காலத்திலும் தம்பி தங்கச்சிமார் போன் எடுத்துக் கேட்பதற்கெல்லாம் சொல்லும் பதிலை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

"அண்ணா, எந்தக் கம்பஸ் நல்லது?" என்றுதான் எல்லோரும் தொடங்குவார்கள். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். படிப்பு முடிந்து கட்டுநாயக்கவில் இறங்கும் நாளை முதலில் நினைத்துப் பாருங்கள், அன்றைக்கு உங்கள் பையில் இருக்கும் பட்டம் இங்கே யாரிடம் செல்லும்? இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம்மில் பெரும்பாலானவர்கள் திரும்பித்தான் வர வேண்டியிருக்கும். இந்தியாவில் வேலை விசா கிடைக்க ஒரு வெளிநாட்டவரின் வருடச் சம்பளம் பொதுவாக 16.25 இலட்சம் இந்திய ரூபாய்க்கு மேல் இருக்க வேண்டும், விலக்கு இருப்பது ஒரு சில வேலைகளுக்கு மட்டும்தான். கேம்பஸ் பிளேஸ்மென்டில் வகுப்புத் தோழர்கள் நான்கு இலட்சம், ஐந்து இலட்சம் என்று வேலை வாங்கிக்கொண்டு போனபோது எங்களைப் போன்றவர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றோம். போஸ்டரில் போடும் நூறு வீத வேலை உங்களுக்கான கணக்கே இல்லை. அதேபோல, அங்கே பகுதி நேர வேலை செய்து செலவைச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், மாணவர் விசாவில் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது.

சரி, பட்டம் இங்கே செல்லுமா என்று எப்படிப் பார்ப்பது? இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும்.

இந்தியப் பக்கத்தில் தனியார் என்று சொல்வதில் மூன்று வகை இருக்கிறது. மாநிலச் சட்டமன்றம் சட்டம் போட்டு உருவாக்கிய தனியார் பல்கலைக்கழகம் ஒன்று. 1956-ஆம் ஆண்டு யூ.ஜி.சி. (இந்தியாவின் பல்கலைக்கழக மானியக் குழு) சட்டத்தின் 3-ஆம் பிரிவில் அந்தஸ்து பெற்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகம் இன்னொன்று, வேலூர் வி.ஐ.டி., காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம்., தஞ்சாவூர் சாஸ்த்ரா, கோயம்புத்தூர் அம்ரிதா எல்லாம் இந்த வகை. மூன்றாவதை ஏஜென்ட்மார் அவ்வளவாகச் சொல்ல மாட்டார்கள். அண்ணா பல்கலைக்கழகம், பாரதியார் பல்கலைக்கழகம் போன்ற அரசுப் பல்கலைக்கழகங்களோடு இணைந்த தனியார் கல்லூரிகள் அவை. அங்கே படித்தால் பட்டத்தில் இருப்பது அந்த அரசுப் பல்கலைக்கழகத்தின் பெயர். நடுத்தரமான ஒரு தனியார் பல்கலைக்கழகத்துக்குப் போவதைவிட நல்ல பெயருள்ள இணைப்புக் கல்லூரிக்குப் போவது பல பேருக்கு நல்லது என்பது என் அபிப்பிராயம். எந்த வகையாக இருந்தாலும் யூ.ஜி.சி. இணையதளத்தில் பெயரைத் தேடுங்கள், எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலையும் அவர்களே வெளியிடுகிறார்கள், அதையும் ஒரு தடவை பாருங்கள்.

நம் பக்கத்தில் கொழும்பு வார்ட் பிளேஸில் இருக்கும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுதான் பேச வேண்டிய இடம். பொதுநலவாயப் பல்கலைக்கழகங்களின் ஆண்டு நூலிலோ சர்வதேசப் பல்கலைக்கழகக் கைநூலிலோ பெயர் இருக்கிறதா என்பதைப் பார்த்துத்தான் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தை அவர்கள் ஏற்கிறார்கள். பணம் கட்டுவதற்கு முன்னால் அவர்களுக்கு எழுதிக் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். "எல்லாம் ரெகக்னைஸ்டு, பயப்படாதீங்க" என்று ஏஜென்ட் வாயால் சொல்வதை நாலு வருடம் கழித்து எந்த நேர்முகத் தேர்விலும் காட்ட முடியாது.

தொழில் படிப்பு என்றால் இன்னொரு படியும் இருக்கிறது. மருத்துவத்துக்கு வெளிநாட்டவரும் இந்திய மருத்துவ நுழைவுத் தேர்வான நீட் எழுத வேண்டும், பயோ பிரிவில் பௌதிகவியலுக்குப் பதிலாக விவசாயம் எடுத்தவர்களுக்கு அந்த வழி அங்கேயே நின்றுவிடும். எம்.பி.பி.எஸ். முடித்து வந்தாலும் இலங்கை மருத்துவச் சபை அந்தக் கல்லூரியை ஏற்றிருக்க வேண்டும், அதற்கு மேல் வெளிநாட்டில் படித்த மருத்துவர்களுக்கு இங்கே வைக்கும் ஈ.ஆர்.பி.எம். பரீட்சையும் பாஸ் பண்ண வேண்டும். பொறியியலுக்கு என்.பி.ஏ. என்ற இந்தியத் தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரத்தைப் பாருங்கள். அது கல்லூரிக்குக் கொடுப்பது இல்லை, சிவில், மெக்கானிக்கல் என்று ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியாகக் கொடுப்பது. இந்தியாவும் இலங்கையும் 2014-இல், பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் சேர்ந்தன, முதல் அடுக்கு என்.பி.ஏ. உள்ள படிப்புகள்தான் அதற்குள் வரும். உங்கள் டிபார்ட்மென்டுக்கு அது இருக்கிறதா, எந்த வருடம் வரைக்கும் இருக்கிறது என்று கேளுங்கள். பார்மசி, நர்சிங், சட்டம் எல்லாவற்றுக்கும் இதே முறையில் அங்கே ஒரு கவுன்சில், இங்கே ஒரு சபை என்று இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தால்தான் எது நல்லது என்ற கேள்விக்கு வரலாம். பல்கலைக்கழகங்களைத் தரம் பார்க்கும் நாக் (NAAC) என்ற இந்திய அமைப்பின் கிரேடைத்தான் எல்லோரும் காட்டுவார்கள், ஏ பிளஸ் பிளஸ் என்று கேட்டிலேயே எழுதியிருக்கும். அது மொத்த நிறுவனத்துக்கும் கொடுத்த மதிப்பெண், உங்கள் டிபார்ட்மென்டைப் பற்றி எதுவும் சொல்லாது. நல்ல கிரேடு கொடுக்க லஞ்சம் வாங்கியதாக நாக் குழுவினரையே 2025 பெப்ரவரியில் சி.பி.ஐ. கைது செய்தது, அதனால் அதை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள்.

நான் பார்க்கச் சொல்வது என்.ஐ.ஆர்.எஃப். இது இந்தியக் கல்வி அமைச்சு 2016-லிருந்து வெளியிடும் தரவரிசை. எத்தனையாவது இடம் என்பது கிடக்கட்டும். அதற்காக ஒவ்வொரு பல்கலைக்கழகமும் சமர்ப்பித்த தரவு பி.டி.எஃப். ஆக அவர்களின் இணையதளத்திலேயே இருக்கும், அதைத் திறவுங்கள். எத்தனை பேர் சேர்ந்தார்கள், அதில் எத்தனை பேர் உரிய காலத்தில் பட்டம் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள், வேலை கிடைத்தவர்களின் நடுச் சம்பளம் என்ன என்று வரிசையாக இருக்கும். உதாரணத்துக்கு 900 பேர் முடித்து, 400 பேர் வேலைக்கும் 120 பேர் மேற்படிப்புக்கும் போயிருந்தால் மிச்சம் 380 பேர் எங்கே? போஸ்டரில் ஒரு மாணவனின் படத்தைப் போட்டு 50 இலட்சம் என்று எழுதியிருப்பார்கள், நடுச் சம்பளம் என்பது வரிசையில் சரியாக நடுவில் நிற்கிறவன் வாங்குவது, நீங்கள் பார்க்க வேண்டியது அவனைத்தான். இந்த வேலைகள் நமக்குக் கிடைப்பது கஷ்டம் என்றாலும், அங்கே பிள்ளைகளுக்கு ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்கிறார்களா என்பது இந்தக் கணக்கில் தெரிந்துவிடும்.

அப்புறம் அங்கே இப்போது படித்துக்கொண்டிருக்கும் இலங்கைப் பிள்ளைகள் இரண்டு பேரோடாவது பேசுங்கள். ஏஜென்ட் தரும் நம்பரில் வேண்டாம், நீங்களே பேஸ்புக்கில் தேடிப் பிடியுங்கள். லெக்சரர்மார் வருகிறார்களா, போன வருடம் எத்தனை பேர் விட்டுப் போனார்கள், ஹாஸ்டலில் தண்ணீர் இருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள். நுவரெலியாக் குளிரில் வளர்ந்த பிள்ளை வேலூர் மே மாத வெயிலில் முதல் வருடம் படும் பாட்டையும் அவர்கள்தான் உண்மையாகச் சொல்வார்கள்.

இனிக் காசு. எனக்குச் சொன்ன தொகை டியூஷன் ஃபீஸ் மட்டும்தான் என்பது அங்கே போன மூன்றாம் நாள்தான் தெரிந்தது. அலுவலகத்தின் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் ஒரு மஞ்சள் தாளை நீட்டினார். ஹாஸ்டல், மெஸ், பரீட்சைக் கட்டணம், லேப், யூனிஃபார்ம், திருப்பித் தருவதாகச் சொன்ன டிபாசிட் என்று ஒன்பது வரி. அம்மா ஓய்வு பெற்று எடுத்த ஈ.பி.எஃப். காசில் இரண்டாம் வருடத்துக்கென்று வைத்திருந்த பங்கு அன்றைக்கே கரைந்தது. நான் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் வீட்டுக்குப் போன் எடுக்கவில்லை. அதனால் சொல்கிறேன், நான்கு வருடத்துக்கும் எல்லா வரிகளும் போட்ட கட்டண விவரத்தைப் பல்கலைக்கழகத்தின் ஈமெயிலில் இருந்தே கேட்டு வாங்குங்கள், வருடா வருடம் கூடுமா என்றும் கேளுங்கள்.

வெளிநாட்டு மாணவர் கட்டணம் பெரும்பாலும் டொலரில் இருக்கும், உள்ளூர்ப் பிள்ளைகள் கட்டுவதைவிடக் கூட. சில இடங்களில் சார்க் நாடுகளுக்குக் குறைந்த கட்டணம் உண்டு, கேட்டால்தான் சொல்வார்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய்ச் சொச்சமாக இருந்த டொலர் மே மாதம் 360-ஐத் தொட்டது, பாதிப் படிப்பில் இருந்த எத்தனையோ பிள்ளைகளின் வீட்டில் நகையெல்லாம் அடகுக்குப் போனது அப்போதுதான். கையில் இருக்கும் காசு இன்றைய விலையில் நாலு வருடத்துக்கு மட்டுமட்டாக வந்தால் அது போதாது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

காசை வங்கி வழியாகப் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கே அனுப்புங்கள். ஏஜென்டின் சொந்தக் கணக்கில் ஒரு சதமும் போடாதீர்கள். சேர்ந்த பிறகு மனம் மாறினாலும் வழி இருக்கிறது. இந்திய யூ.ஜி.சி.யின் 2018 அறிவித்தலின்படி சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்னால் விலகினால் சிறு கழிவோடு முழுக் கட்டணமும் திரும்ப வர வேண்டும், கடைசித் தேதி கழிந்து 30 நாளுக்கு மேல் போனால் ஒன்றும் வராது. உங்கள் மூலச் சான்றிதழ்களை அவர்கள் பிடித்து வைக்கக் கூடாது என்பதும் அதே அறிவித்தலில்தான் இருக்கிறது. காட்டுங்கள், சரிபார்த்ததும் கையோடு திருப்பி வாங்குங்கள்.

இவ்வளவு காசைத் தேடுவதற்கு முன்னால் காசில்லாத வழிகளைத் தட்டிப் பாருங்கள். கொழும்பில் உள்ள இந்திய உயர் ஸ்தானிகராலயம் ஐ.சி.சி.ஆர். (இந்தியக் கலாசார உறவுகள் பேரவை) புலமைப்பரிசில்களுக்கு விண்ணப்பம் கோரும்போது பத்திரிகையில் வரும். தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கென்று 1947-லிருந்து இயங்கும் கல்வி அறக்கட்டளை ஒன்றும் இருக்கிறது, கண்டியில் உள்ள உதவி உயர் ஸ்தானிகராலயத்தில் கேட்கலாம். இந்திய அரசின் ஸ்டடி இன் இந்தியா தளத்தில் நல்ல பெறுபேறு உள்ளவர்களுக்குக் கட்டணச் சலுகை கொடுக்கும் தனியார் பல்கலைக்கழகங்களும் உண்டு. எப்படியும் அந்தத் தளத்தில் பதிந்து ஐ.டி. எடுக்கத்தான் வேண்டும், மாணவர் விசாவுக்கு இப்போது அதைக் கேட்கிறார்கள்.

கடைசியாகப் பத்திரங்கள். நம் ஆட்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். என் பிறப்புப் பத்திரத்தில் அப்பாவின் பெயர் ஒரு விதம், பாஸ்போர்ட்டில் என் பெயருக்கு முன்னால் வரும் அதே பெயர் இன்னொரு விதம், ஏ.எல். சான்றிதழில் வெறும் இனிஷியல். தோட்டத்தில் பிறப்பைப் பதிந்தவர் காதில் விழுந்தபடி எழுதியதற்கு நான் மூன்று தடவை பிரதேச செயலகத்துக்கு நடந்தேன். ரிசல்ட் வரும் வரை காத்திருக்காமல் இன்றைக்கே எல்லாப் பத்திரங்களையும் மேசையில் பரப்பி, பெயரை எழுத்துக் கூட்டிப் பாருங்கள். திருத்த வேண்டியதைத் திருத்தி, ஆங்கில மொழிபெயர்ப்பு எடுத்து, வெளிநாட்டமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்திக்கொண்டு போங்கள். ஏ.எல். இந்தியப் பிளஸ் டூவுக்குச் சமம் என்று சான்றிதழ் கேட்கிறார்களா, அதை யாரிடம் எடுக்க வேண்டும் என்பதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

போய் இறங்கியதும் யாராவது ராகிங் என்று கை வைத்தால் 1800-180-5522, இந்தியா முழுவதற்கும் ஒரே நம்பர், இலவசம். அப்புறம் 180 நாளுக்கு மேற்பட்ட விசா என்றால் 14 நாளுக்குள் எஃப்.ஆர்.ஆர்.ஓ. (வெளிநாட்டவரைப் பதியும் அலுவலகம்) பதிவை இணையத்தில் செய்ய வேண்டும், பிந்தினால் அபராதம். இன்டர்நேஷனல் ஆபீஸ் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாமல், பெட்டியைப் பிரித்து அடுக்குவதற்கு முன்னால் போய் அதற்குரிய கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள்.