குழந்தை பிறந்த பின் தாயின் மனநலம்: கணவனும் மனைவியும் கவனிக்க வேண்டியவை

முதல் குழந்தை பிறந்த வீட்டில், அதுவரை ஒருவரையொருவர் நன்கு புரிந்துகொண்டு வாழ்ந்த கணவனும் மனைவியும் சின்னஞ்சிறு விஷயங்களுக்கெல்லாம் சண்டையிடத் தொடங்குவது பரவலாக நடப்பதுதான். ஆனால் அந்தச் சண்டைகளை வைத்து, திருமணமே தவறிப்போய்விட்டது என்ற முடிவுக்கு இருவரும் அவசரமாக வந்துவிடுகிறார்கள். முதலில் தாயின் தூக்கம், அடுத்து அவருடைய மனநிலை, அதன்பின் உடல்நிலை ஆகியவற்றைச் சரிபார்த்துவிட்டு, கடைசியில்தான் உறவைப் பற்றி எடைபோட வேண்டும். இந்த வரிசைக்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. அடி, மிரட்டல், பணத்தைத் தராமல் முடக்குதல், யாருடனும் பேசவிடாமல் தடுத்தல் ஆகியவை இருந்தால் அது களைப்பினால் வந்த சண்டை அன்று. அங்கே தாயும் குழந்தையும் பாதுகாப்பான இடத்துக்குச் செல்வதே முதல் வேலை.

எது இயல்பு, எது நோய்

பிரசவத்தில் நஞ்சுக்கொடி வெளியேறியதும், கர்ப்ப காலம் முழுவதும் உயர்ந்திருந்த ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஆகிய ஹார்மோன்களின் அளவுகள் ஓரிரு நாட்களிலேயே வெகுவாக இறங்கிவிடுகின்றன. 3ஆம் நாளிலிருந்து 5ஆம் நாளுக்குள் காரணமின்றி அழுகை வருவதும், அடுத்த நொடியே சிரிப்பதும், சிறு சொல்லுக்கும் மனம் புண்படுவதும் பாதிக்கும் மேற்பட்ட தாய்மார்களுக்கு நேர்பவை. இவை பெரும்பாலும் 2 வாரங்களுக்குள் தாமாகவே அடங்கிவிடும். அதைத் தாண்டியும் நீடித்தால், அல்லது நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனால், பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கக்கூடும் என்று கருதி மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ 10 தாய்மார்களில் ஒருவருக்கோ அதற்குச் சற்று அதிகமானவர்களுக்கோ இது வருகிறது. கர்ப்ப காலத்திலேயே தொடங்கலாம். குழந்தைக்கு 8 மாதம் ஆன பிறகும் தலைகாட்டலாம்.

மனச்சோர்வு என்றதும் மூலையில் உட்கார்ந்து அழும் ஒரு பெண்ணையே பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். வீட்டில் அது பெரும்பாலும் எரிச்சலாகவும், விடாத பதற்றமாகவும், குழந்தை தூங்கும்போதுகூடத் தனக்குத் தூக்கம் வராத நிலையாகவும், தான் நல்ல தாயல்ல என்ற குற்ற உணர்வாகவும் வெளிப்படுகிறது. அந்த எரிச்சல் அதிகமாகப் பாய்வது கணவர் மீதுதான் என்பதால், நோயின் அறிகுறியை அவர் தன்மீதான வெறுப்பாக எடுத்துக்கொள்கிறார். இந்த ஒரு தவறான புரிதலே பல வீடுகளில் சிகிச்சையை மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறது.

ஐயம் இருந்தால், எடின்பரோ மனச்சோர்வு அளவுகோலைப் பயன்படுத்தலாம். ஜான் காக்ஸ், ஜெனிஃபர் ஹோல்டன், ரூத் சகோவ்ஸ்கி ஆகியோர் 1987இல் வெளியிட்ட இதில், கடந்த 7 நாட்களைப் பற்றிய 10 கேள்விகள் உள்ளன. மொத்த மதிப்பெண் 30. தமிழ் வடிவமும் உண்டு. 13 அல்லது அதற்கு மேல் வந்தால் மனச்சோர்வுக்கு வாய்ப்பு அதிகம். 10ஐத் தொட்டாலே மருத்துவரிடம் பேசிவிடுவது நல்லது. 10ஆவது கேள்வி தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. மொத்த மதிப்பெண் எதுவாயினும், அந்த எண்ணம் வந்ததாகத் தாய் குறித்திருந்தால் அன்றே மருத்துவ உதவியை நாட வேண்டும். கேள்விகளுக்குத் தாய் தனியாக இருந்து விடையளிக்க வேண்டும். கணவர் அருகில் நின்று எட்டிப் பார்த்தால் உண்மையான விடை வராது.

பயமூட்டும் எண்ணங்கள்

குழந்தையைக் கை நழுவவிட்டால் என்ன ஆகும், கத்தி பட்டுவிட்டால் என்ன ஆகும் என்பன போன்ற எண்ணங்கள், வேண்டாம் என்றாலும் வந்து விழுவது மிகப் பல பெற்றோருக்கு, தந்தையர் உட்பட, நேர்வதே. அவற்றைக் கண்டு ஒரு தாய் நடுங்குகிறார் என்றால், அதைச் செய்துவிடும் விருப்பம் அவருக்கு இல்லை என்பதையே அந்த நடுக்கம் காட்டுகிறது. மனைவி இதைச் சொல்லும்போது கணவர் அதிர்ச்சியைக் காட்டிவிட்டால், மனைவி மறுபடி வாய்திறக்க மாட்டார்.

இதிலிருந்து முற்றிலும் வேறானது பிரசவத்துக்குப் பிந்தைய மனப்பிறழ்வு. 1000 பிரசவங்களில் ஒன்றிரண்டில் வரும் இது, பெரும்பாலும் முதல் 2 வாரங்களுக்குள் திடீரெனத் தொடங்குகிறது. தூக்கமே இல்லாமலும் களைப்பின்றி இயங்குவது, இல்லாத குரல்களைக் கேட்பது, வீட்டாரைச் சந்தேகிப்பது, குழந்தையைப் பற்றி விபரீதமான நம்பிக்கைகளைப் பேசுவது, குழம்பிப்போவது ஆகியவை இதன் அடையாளங்கள். நாளை பார்க்கலாம் என்பதற்கு இங்கே இடமில்லை. தாயைத் தனியாகவோ குழந்தையுடன் தனித்தோ விடாமல், உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

தூக்கத்தைப் பங்கிடுதல்

மனைவியின் மனநலத்துக்காகக் கணவர் ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால், அவருக்கு நாள்தோறும் 4 அல்லது 5 மணி நேரம் இடையூறில்லாத தூக்கம் கிடைக்கச் செய்வதையே நான் முன்னிறுத்துவேன். விட்டு விட்டு 8 மணி நேரம் படுத்திருப்பது இதற்கு ஈடாகாது. இரவு 9 மணி முதல் 2 மணி வரை குழந்தை கணவரின் பொறுப்பு, அதன்பின் மனைவியின் பொறுப்பு என்று முன்கூட்டியே பிரித்துக்கொள்ளலாம். முடிந்தால் தாய் வேறு அறையில், குழந்தையின் முனகல் காதில் விழாத தொலைவில் படுக்க வேண்டும். முன்பே கறந்து வைத்த தாய்ப்பாலைக் கணவர் கொடுக்கலாம். அது இயலாவிட்டால், குழந்தையைத் தூக்கி வந்து தாயிடம் பால் குடிக்கவைத்து, ஏப்பம் வரச் செய்து, டயப்பர் மாற்றி, மறுபடி உறங்கவைப்பது வரை அனைத்தையும் அவரே ஏற்கலாம். காலையில் வேலைக்குப் போக வேண்டியிருப்பது இரவுப் பொறுப்பைக் குறைத்துக்கொள்ளக் காரணமாகலாம். முற்றாக விலக்கிக்கொள்ளக் காரணமாகாது.

பகல் வேலைகளிலும், சொன்னதைச் செய்வதோடு நில்லாமல், ஒரு வேலையை நினைவில் வைத்திருக்கும் சுமையையும் சேர்த்து ஏற்க வேண்டும். தடுப்பூசி நாட்கள், டயப்பர் இருப்பு, மருத்துவரிடம் கேட்க வேண்டியவை போன்றவற்றில் சிலவற்றை மனைவி ஒருமுறைகூட நினைவூட்டத் தேவையில்லாதபடி கணவர் பார்த்துக்கொள்ள வேண்டும். மனைவியும் ஒன்றைச் செய்ய வேண்டியிருக்கிறது. கணவர் குழந்தையைக் குளிப்பாட்டும் முறை தன் முறையிலிருந்து வேறுபட்டாலும், ஆபத்து இல்லாதவரை குறுக்கிடாமல் விட்டுவிட வேண்டும். இது சொல்வதைவிடக் கடினம்.

பேசும் முறை

மனக்குறைகளை நள்ளிரவில் பேசக்கூடாது. பகலில், குழந்தை உறங்கும் நேரத்தில், 10 நிமிடம் ஒதுக்கினால் போதும். “நீங்கள் எதற்குமே உதவுவதில்லை” என்பதற்குப் பதிலாக, “நேற்று இரவு மூன்று முறையும் நான்தான் எழுந்தேன். இன்று முதல் முறை நீங்கள் எழுந்தால் எனக்குக் கொஞ்சம் தூக்கம் கிடைக்கும்” என்று நடந்ததையும் வேண்டியதையும் சேர்த்துச் சொல்லலாம். “எல்லாப் பெண்களும் இதைத் தாண்டித்தானே வந்திருக்கிறார்கள்” என்ற பேச்சைக் கணவர் அடியோடு தவிர்க்க வேண்டும். “நான் ஏதாவது செய்யட்டுமா, இல்லை, நீ சொல்வதைக் கேட்டால் மட்டும் போதுமா?” என்பது பயனுள்ள கேள்வி.

உடலுறவைப் பொறுத்தவரை, இரத்தப்போக்கு நின்று காயங்கள் ஆறிய பிறகு, தாய்க்கு விருப்பம் இருந்தால் மட்டுமே தொடங்க வேண்டும். 6 வாரப் பரிசோதனையில் இதை மருத்துவரிடம் கேட்கலாம். பால் கொடுக்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைவாக இருப்பதால் பிறப்புறுப்பில் வறட்சியும் வலியும் ஏற்படலாம். இதற்கும் அன்பு குறைந்துவிட்டதா என்ற ஐயத்துக்கும் தொடர்பில்லை.

தந்தையரும் இக்காலத்தில் மனச்சோர்வுக்கு ஆளாகிறார்கள், குறிப்பாகக் குழந்தை பிறந்து 3 முதல் 6 மாதங்களில். வீட்டுக்குத் தாமதமாக வருவதும், குடிப்பதும், பேச்சைக் குறைத்துக்கொள்வதும் அதன் வெளித்தோற்றமாக இருக்கலாம். அவருக்கும் சிகிச்சை தேவை.

மருத்துவரிடம்

இரத்தசோகையும், பிரசவத்துக்குப் பின் வரும் தைராய்டு கோளாறும் மனச்சோர்வைப் போலவே தோன்றலாம் என்பதால், இரத்தப் பரிசோதனையைக் கேட்டுப் பெற வேண்டும். கணவர் உடன் செல்வது நல்லது. ஆனால் சிறிது நேரம் தாய் மருத்துவருடன் தனியாகப் பேச வழிவிட வேண்டும். மிதமான மனச்சோர்வுக்குப் பேச்சுவழிச் சிகிச்சையே போதுமானதாக இருக்கலாம். மருந்து தேவைப்பட்டாலும் தாய்ப்பாலை நிறுத்த வேண்டும் என்பதில்லை. எடுத்துக்காட்டாக, செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மருந்து தாய்ப்பாலில் மிகச் சிறிதளவே கலக்கிறது. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். நன்றாகிவிட்டது என்று தாமாக மருந்தை நிறுத்தக் கூடாது. தாய்க்கோ அவருடைய நெருங்கிய உறவினருக்கோ, மிதமிஞ்சிய உற்சாகமும் கடும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ மனநோய் இருந்திருந்தால் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் மனச்சோர்வு மருந்தை மட்டும் கொடுத்தால் நிலைமை மோசமாகக்கூடும்.

ஒருமுறை வந்த மனச்சோர்வோ மனப்பிறழ்வோ அடுத்த பிரசவத்தில் திரும்ப வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். ஆகவே அடுத்த குழந்தைக்குத் திட்டமிடும்போதே மகப்பேறு மருத்துவரிடமும் மனநல மருத்துவரிடமும் இதைத் தெரிவித்து, பிரசவத்துக்குப் பிந்தைய முதல் வாரங்களில் எந்த மருந்து, யார் இரவில் விழித்திருப்பது, எந்த அறிகுறி தெரிந்தால் யாரை அழைப்பது என்பதை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.