கிளைடர் பந்தயம்: எந்தத் தெர்மலில் ஏறுவது, எதை விட்டுவிட்டுப் போவது?

கிளைடர் என்றால் இன்ஜின் இல்லாமல் சறுக்கும் விமானம்; தெர்மல் என்றால் தரை சூடாவதால் மேலெழும் காற்று. சிமுலேட்டரிலோ கிளப்பிலோ தெர்மலில் வட்டமடித்து ஏறப் பழகிவிட்டீர்கள் என்றால் அடுத்த ஆசை பந்தயம்தான். விதி எளிது. குறித்த டர்ன்பாயிண்ட்களை (பாதையின் திருப்பு முனைகளை)ச் சுற்றிவிட்டுக் கிளம்பிய இடத்துக்குத் திரும்ப வேண்டும். குறைந்த நேரத்தில் வருபவருக்கு அன்றைக்கு அதிகப் புள்ளி. நேரம் இரண்டு வகையில் செலவாகிறது: வட்டமடித்து ஏறுவதில், நேராகச் சறுக்குவதில். புதியவர்கள் சறுக்கும் வேகத்தைப் பற்றியே கவலைப்படுவார்கள். பந்தயம் பெரும்பாலும் ஏறும் இடத்தில்தான் முடிவாகிறது.

உதாரணத்துக்குப் போலந்தின் லெஷ்னோவை எடுத்துக்கொள்வோம். 1958, 1968, 2003, 2014 ஆண்டுகளில் உலகச் சாம்பியன்ஷிப் நடந்த ஊர். சமவெளி என்பதால் மலைச்சரிவுக் காற்றை நம்ப முடியாது, தெர்மலே கதி. 300 கி.மீ. முக்கோணப் பாதை, மேகத்தின் அடிப்பகுதி தரையிலிருந்து 1,500 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: தரையிலேயே கணக்குப் போடுங்கள்

1956இல் பிரான்சின் சாங்-யானில் உலகச் சாம்பியனான அமெரிக்கர் பால் மெக்ரெடி. பின்னாளில் மனித பலத்தால் பறக்கும் விமானம் செய்தாரே, அவரேதான். அடுத்த தெர்மல் எவ்வளவு வலுவாக இருக்குமோ, அதற்கேற்ற வேகத்தில் சறுக்க வேண்டும் என்ற கணக்கு அவர் பெயரால்தான் வழங்குகிறது. இன்றைய கிளைடர் கணினிகளில் நீங்கள் உள்ளிடும் மெக்ரெடி எண் அதுதான்.

சூத்திரம் இது: சராசரி வேகம் = சறுக்கும் வேகம் × ஏற்றம் ÷ (ஏற்றம் + இறக்கம்).

உங்கள் கிளைடர் மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் விநாடிக்கு 0.85 மீட்டரும், 140இல் 1.15 மீட்டரும், 160இல் 1.6 மீட்டரும் இறங்குவதாகக் கொள்வோம். தெர்மல் விநாடிக்கு 2 மீட்டர் தூக்கினால் சராசரி முறையே 84, 89, 89 கி.மீ. வருகிறது. அதாவது 120க்கும் 160க்கும் இடையில் எந்த வேகத்தில் பறந்தாலும் வித்தியாசம் 5 கி.மீ.தான். அதே தெர்மல் 1 மீட்டர்தான் தூக்குகிறது என்றால், 140இல் பறந்தாலும் சராசரி 65ஆக விழுகிறது. 3 மணி 22 நிமிடத்தில் முடிய வேண்டிய பாதைக்கு 4 மணி 36 நிமிடம் ஆகும்.

அதனால் வேகமானியையே முறைத்துக்கொண்டிருக்காதீர்கள். மெக்ரெடி எண்ணை 2 என்று வைத்தால், அதற்குக் கீழே உள்ள தெர்மலில் நிற்க மாட்டேன் என்று பொருள். ஏறும், இறங்கும் வேகத்தைக் காட்டும் வேரியோ கருவியின் முள் ஒரு நொடி 4 காட்டியதும் குதூகலிக்க வேண்டாம். நுழைந்ததிலிருந்து விலகும் வரைக்குமான சராசரிதான் கணக்கு. மையத்தைத் தேடி அலைந்த சுற்றுகளும் அதில் சேரும்.

படி 2: எப்போது கிளம்புவது

ஸ்டார்ட் லைன் திறந்தவுடன் பாய வேண்டிய அவசியமில்லை. எல்லாரும் ஒன்றாகக் கிளம்பும் கிராண்ட் பிரீ வகைப் பந்தயம் தவிர மற்றவற்றில், நீங்கள் கோட்டைக் கடந்த நொடியிலிருந்துதான் உங்கள் கடிகாரம் ஓடும். முன்னால் போனவர்கள் தெர்மல் எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுப்பார்கள், அது லாபம். ஆனால் மாலை 5 மணிக்குத் தெர்மல் ஓய்ந்துவிடும் என்றால் 1.30க்குப் பிறகும் கோட்டருகே சுற்றிக்கொண்டிருப்பது சூதாட்டம்.

படி 3: உயரத்துக்கு ஏற்ப மனதை மாற்றுங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம் என்பேன். கிளம்பும் முன்பே ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொள்ளுங்கள்:

- 1,500–1,000 மீட்டர்: மெக்ரெடி எண்ணுக்குக் குறைந்த எதிலும் நிற்பதில்லை.
- 1,000–600: வேகத்தைக் குறைத்து, அன்றைய சராசரித் தெர்மல் கிடைத்தாலும் ஏறிவிடுவது.
- 600க்குக் கீழே: எது தூக்கினாலும் சரி. கண் மேகத்தில் பாதி, இறங்கத் தோதான வயலில் பாதி.
- 300: நிஜக் கிளைடர் என்றால் தேடலை நிறுத்திவிட்டுத் தரையிறங்கும் வேலை மட்டும்.

பந்தய நாளின் உச்சப் புள்ளி 1,000. ஐந்து நிமிடம் தாமதமானால் சில பத்துப் புள்ளிகள்தான் போகும். வயலில் இறங்கினால் நூற்றுக்கணக்கில் போகும். ஒரு வாரப் போட்டியில் ஒரே நாள் அப்படி ஆனாலும் மீள்வது கஷ்டம்.

படி 4: டர்ன்பாயிண்டுக்கான நேர்கோட்டிலிருந்து விலகலாமா?

தாராளமாக. 10 டிகிரி விலகிப் போய்த் திரும்பினால் தூரம் 1.5 சதவீதம்தான் கூடும். 20 டிகிரிக்கு 6, 30 டிகிரிக்கு 15. வரிசையாக நிற்கும் மேகங்களுக்கு அடியில் வட்டமே அடிக்காமல் போக முடியும் என்றால் 20 டிகிரி மலிவு. 30க்கு மேல் நல்ல காரணம் வேண்டும்.

படி 5: டர்ன்பாயிண்ட்

தெர்மலில் சுற்றும்போது காற்று உங்களையும் தள்ளிக்கொண்டு போகிறது. மணிக்கு 20 கி.மீ. காற்றில் பத்து நிமிடம் சுற்றினால் 3 கி.மீ.க்கு மேல் நகர்ந்திருப்பீர்கள். எதிர்காற்றில் போய்ச் சேரும் டர்ன்பாயிண்ட் என்றால் தாழ்வாகவே போய்ச் சுற்றிவிட்டு, அப்புறம் ஏறுங்கள். நகர்வு உங்கள் பக்கம். பின்காற்றில் போகும் டர்ன்பாயிண்டுக்கு நேர்மாறு: முதலில் ஏறிவிட்டுச் சுற்றுங்கள். பாதுகாப்பு உயரம் எப்போதும் முந்தியது.

படி 6: கூட்டத்தோடு போவது

அடுத்தவர் முதுகில் சவாரி என்று சிலர் முகம் சுளிப்பார்கள். முதல் பருவத்தில் அந்த வெட்கம் வேண்டாம்; நாலு பேர் தேடினால் தெர்மல் சீக்கிரம் சிக்கும். முதலில் நுழைந்தவர் சுற்றும் திசையிலேயே நீங்களும் சுற்ற வேண்டும், இது மீறக் கூடாத விதி. மோதல் அபாயத்தைச் சொல்லும் ஃபிளார்ம் கருவி எச்சரிக்கும் என்று கண்ணுக்கு ஓய்வு கொடுக்காதீர்கள். கூட்டம் பலவீனமான தெர்மலில் தேங்கி நிற்க, உங்களிடம் உயரமும் முன்னால் நல்ல மேகமும் இருந்தால் பிரிந்துவிடுங்கள்.

படி 7: ஃபைனல் கிளைடு (முடிவிடம் வரையிலான கடைசிச் சறுக்கல்)

1-க்கு 30 சறுக்கு விகிதத்தில், காற்றில்லாத நாளில், 30 கி.மீ.க்கு 1,000 மீட்டர் உயரம் போதும். அதற்கு மேல் 200 மீட்டர் கைவசம் வையுங்கள். கடைசித் தெர்மல் வலுவாக இருந்தால் இன்னும் கொஞ்சம் ஏறி வேகமாகப் போகலாம். மந்தமாக இருந்தால் போதுமான உயரம் வந்ததும் கிளம்பிவிடுங்கள். வழியில் கணினி காட்டும் மிச்ச உயரம் கரைந்துகொண்டே வந்தால் உடனே வேகத்தைக் குறையுங்கள், கடைசி 5 கி.மீ. வரை காத்திருக்க வேண்டாம்.

இறங்கியதும் பறப்புப் பதிவை வென்றவருடைய பதிவுக்குப் பக்கத்தில் திறந்து வைத்து மூன்று எண்களை மட்டும் ஒப்பிடுங்கள்: எத்தனை தெர்மலில் நின்றீர்கள், அவற்றின் சராசரி ஏற்றம், வட்டமடித்ததில் போன நேரத்தின் சதவீதம்.