பெட்டைக் குதிரை முரண்டு பிடித்தால் பருவம்தான் காரணமா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெட்டைக் குதிரை காதை மடக்கினால் போதும், “பருவத்துக்கு வந்திருக்கு, விடுங்க” என்று லாயத்தில் யாராவது தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். புதிதாகக் குதிரை வாங்கியவர்களும் அதை நம்பி, அதே பள்ளத்தில் வரிசையாக விழுகிறார்கள். சாட்டையால் அடிக்கக் கூடாது, கடிவாளத்தை வெட்டி இழுக்கக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும்; அவற்றை விட்டுவிடுவோம்.

கோபத்தைப் பருவம் என்று நினைப்பது

இனப்பெருக்கச் சுழற்சி சுமார் 21 நாள். அதில் பருவம், அதாவது ஆண்குதிரையை ஏற்கும் காலம், 5 முதல் 7 நாள். மீதி நாட்களில், பருவத்தை அடக்கி வைக்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோனின் ஆட்சி. பருவத்தில் இருக்கும் குதிரை வாலைத் தூக்கி ஒதுக்கும், பின்கால்களை அகட்டி நிற்கும், கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீர் விடும், பிறப்புறுப்பின் உதடுகளைத் திறந்து திறந்து மூடும். முகத்தில் சினம் இருக்காது. காது பிடரியோடு ஒட்டி, வால் சாட்டைபோல் வீசி, கிறீச்சிட்டு உதைக்கும்போது சிறுநீர் தெறித்தால், அது பருவ அறிகுறி அல்ல, எதிர்ப்பு. பலரும் தடுமாறுவது அந்தச் சிறுநீரில்தான்.

குறிப்பு எழுதாமல் ஹார்மோன் மருந்தைத் தொடங்குவது

இன்றும் எரிச்சல் மூட்டுவது இந்தத் தவறுதான். பணமும் போகிறது, குதிரையும் வாடுகிறது.

பருவத்தை அடக்கத் தருவது ஆல்ட்ரெனோஜெஸ்ட், புரோஜெஸ்டிரோன்போல் வேலை செய்யும் செயற்கை மருந்து. அளவு, கிலோவுக்கு 0.044 மில்லிகிராம், தினம் ஒருவேளை வாய்வழி. மில்லிக்கு 2.2 மில்லிகிராம் உள்ள திரவமென்றால் 450 கிலோ குதிரைக்கு 9 மில்லி, 350 கிலோ குதிரைக்கு 7 மில்லி. இரண்டு மூன்று நாளில் பருவ நடத்தை அடங்கும். சிக்கல் எங்கே என்றால், இந்த வகை மருந்துக்கு லேசாக அமைதிப்படுத்தும் குணமும் உண்டு. ஆகவே வலியில் துடிக்கும் குதிரைகூட கொஞ்சம் தணிந்ததுபோல் தெரியும். “பார்த்தீர்களா, ஹார்மோன்தான்” என்று உரிமையாளர் நிம்மதியாகிவிடுவார்.

வயிற்றுவாரை இறுக்கும் நேரத்தைக் கவனியுங்கள். வார் தோலில் படுவதற்கு முன்பே தலை திரும்பும், பல் காற்றைக் கடிக்கும், விலா இறுகும். இது தினமும் நடந்தால் 21 நாள் கணக்குக்கு அங்கே வேலையே இல்லை. இரைப்பைப் புண், முதுகுவலி, தோளுக்குப் பின்னால் கிள்ளும் சேணம், கூரான பல், பின்கால் மூட்டு ஆகியவற்றைத்தான் தேட வேண்டும்.

மூன்று சுழற்சி, அதாவது ஒன்பது வாரம், நோட்டில் எழுதுங்கள்: தேதி, வால், சிறுநீர், வார் இறுக்கும்போது என்ன செய்தது, எந்தப் பக்கம் திரும்ப மறுத்தது, கடைசியாகப் புல் தின்றது எப்போது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை சில நாள் மட்டும் தொல்லை என்றால் ஹார்மோனைச் சந்தேகிக்கலாம். அப்போதும் கால்நடை மருத்துவர் ஒரு கெட்ட நாளிலும் ஒரு நல்ல நாளிலும் ஸ்கேன் எடுக்க வேண்டும். கெட்ட நாளில் இரத்தப் புரோஜெஸ்டிரோன் மில்லிக்கு 1 நானோகிராமைத் தாண்டியிருந்தால் அது பருவ நாளே அல்ல. ஆல்ட்ரெனோஜெஸ்டால் தீரும் சிக்கலும் அல்ல. சினைப்பையில் முட்டைப்பை 40 மில்லிமீட்டருக்கு மேல் வளரும்போது ஓரிரு நாள் இடுப்பைத் தொடவிடாத குதிரைகளும் உண்டு. ஸ்கேனில் அதுவும் தெரிந்துவிடும்.

இரைப்பையைப் பார்க்க எண்டோஸ்கோப்பி, அதாவது கேமரா குழாய்ச் சோதனை. அதற்கு சுமார் 16 மணி நேரம் தீவனம் நிறுத்த வேண்டும். மேல்பகுதிப் புண்ணுக்கு அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் கிலோவுக்கு 4 மில்லிகிராம் வீதம் 28 நாள் கொடுப்பது வழக்கம். குதிரையின் இரைப்பை நாள் முழுக்க அமிலம் சுரக்கும். அதனால் அந்தச் சோதனை தவிர மற்ற நாட்களில் காய்ந்த புல் இல்லாமல் 6 மணி நேரத்துக்கு மேல் நிறுத்தாதீர்கள். வலிநிவாரணி கொடுத்துச் சோதிப்பது மருத்துவர் சொன்னால் மட்டும். ஃபினைல்பியூட்டசோன் போன்ற வலிநிவாரணி இரைப்பைப் புண்ணைக் கூட்டிவிடும்.

வெளிநாட்டு நாட்காட்டியை நம்புவது

குளிர்காலத்தில் சுழற்சி நின்றுவிடும் என்று ஐரோப்பியக் கையேடுகள் சொல்லும். அங்கே பகல் பொழுது வெகுவாகச் சுருங்குகிறது. சென்னையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். இங்கே பல குதிரைகள் ஆண்டு முழுக்கப் பருவத்துக்கு வரும். டிசம்பரிலும் நோட்டை மூடாதீர்கள்.

ஆண்குதிரைபோல் நடப்பதை அலட்சியம் செய்வது

மற்ற பெட்டைகள் மேல் ஏறுவது, மந்தையை விரட்டி மேய்ப்பது, கழுத்து தடிப்பது, பருவமே வராதது: இவை தெரிந்தால் சினைப்பைக் கட்டி இருக்கலாம். பெரும்பாலும் ஒரு சினைப்பை வீங்கி, மற்றது சுருங்கிக் கிடக்கும். ஸ்கேனோடு, இரத்தத்தில் ஏ.எம்.எச்., இன்ஹிபின், டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன்களின் அளவுகளும் பாருங்கள். முதலில் சினை இல்லை என்று உறுதிசெய்யுங்கள், ஏனென்றால் சினைக் குதிரையிலும் டெஸ்டோஸ்டிரோன் ஏறும். கட்டியுள்ள சினைப்பையை அறுவை செய்து எடுத்தால் மற்றது சில மாதங்களில் விழித்துக்கொள்ளும்.

வெறுங்கையால் மருந்தை ஊற்றுவது

ஆல்ட்ரெனோஜெஸ்ட் தோல் வழியே உடம்பில் ஏறும். வினைல் அல்லது நைட்ரைல் கையுறை கட்டாயம். கர்ப்பிணிகள் பாட்டிலைத் தொடவே கூடாது.

இரு சினைப்பைகளையும் எடுத்தால் தீரும் என்பது

தீராமலும் போகலாம். தடுக்கப் புரோஜெஸ்டிரோன் இல்லாததால், எந்த நாளிலும் பருவ நடத்தை காட்டும் குதிரைகள் உண்டு.

கருப்பைக்குள் கண்ணாடிக் கோலி

பருவத்தை அடக்க இதைப் போடுகிறார்கள். வேண்டாம். பாதிக் குதிரைகளில்கூடப் பலன் இல்லை. உள்ளேயே உடைந்த கோலிகளும் உண்டு.