கால்வாய்க்கரையும் உடங்காடும்: சுற்றுநடையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கன்னடியன் கால்வாய்க்கரையையும் உடைமரங்கள் (முள்மரங்கள்) நிற்கும் உடங்காட்டையும் சேர்த்து நடக்கும் சுற்றில் பலரும் சிக்குவது ஒரே இடத்தில்தான்: எந்தக் கரையில் போகிறோம் என்று பார்ப்பதில்லை. தாமிரபரணியின் தென்பக்கம் பிரியும் இந்தக் கால்வாய் மேட்டை ஒட்டியே கிழக்கே ஓடுகிறது. வயலும் வாழையும் வடக்கே, கால்வாய்க்கும் ஆற்றுக்கும் நடுவே. உடைமரமும் பனையும் நிற்கும் காய்ந்த மேடு தெற்கே. வடகரையில் நடப்பவர் காட்டுக்குப் போகப் பாலம் வேண்டும். பாலங்கள் பெரும்பாலும் ஊரை ஒட்டியே இருக்கும். எந்தப் பாலத்தில் திரும்புவது என்று முடிவு செய்தபிறகே கிளம்புங்கள்.

பாலத்தைத் தவறவிட்டால் இறங்கிக் கடந்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். சிமெண்ட் பூசிய சரிவில் பாசி படிந்திருக்கும். வழுக்கி விழுந்தால் ஏறப் பிடிமானம் கிடைக்காது. மடை திறந்திருந்தால் அதன் வாயில் தண்ணீர் ஆளை உள்ளே இழுக்கும். குளிப்பதும் படித்துறையில் மட்டுமே.

தூரக் கணக்கிலும் ஏமாறுவார்கள். மேட்டின் வளைவோடு கால்வாய் வளைவதால், எதிரே தெரியும் ஊருக்குக் கரைவழி நினைத்ததைவிட நீளம். தார்ச்சாலையில் மணிக்கு 4 கி.மீ. நடப்பவர் இங்கே 3 கி.மீ. நடந்தாலே அதிகம். 8 கி.மீ. சுற்றுக்கு 3 மணி நேரமும் ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீரும் வேண்டும். விடிந்ததும் காட்டை முதலில் முடித்துவிடுவது நல்லது. உடைமர நிழல் வெயிலுக்குத் தாங்காது.

ரப்பர் செருப்பு வேண்டவே வேண்டாம். விரல் நீளத்துக்கு வெள்ளை வெளேரென்று நிற்கும் உடைமுள், அடியைத் துளைத்து உள்ளங்காலில் ஏறிவிடும்.

கோடையில் கால்வாய் வறண்டு கிடக்கும். வடகிழக்கு மழையில் களிமண் கரை வழுக்கும், உடைப்பும் எடுக்கும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. பிசான நெல் (மழைக்காலத்தில் நடும் பருவ நெல்) நிற்கும் ஜனவரி, பிப்ரவரிதான் தோது.

குறுக்கு வழியென்று வரப்பில் ஏறாதீர்கள். புதிதாக அணைத்த வரப்பு மிதித்தால் சரிந்துவிடும். வாழைத்தோட்டத்து வேலிக் கம்பியில் கை வைக்காதீர்கள். பன்றிக்காக மின்சாரம் பாய்ச்சியிருக்கலாம். மேற்கே மலையடிவாரம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தை ஒட்டியது. வனத்துறை அனுமதியின்றி உள்ளே போகக் கூடாது. கரடி நடமாட்டம் உண்டு என்பதால் அடிவாரத்தில் இருட்டில் நடப்பதும் தவறு.

பாம்பு கடித்தால் கயிறு கட்டுவதும் கீறுவதும் கூடாது. கடிபட்ட காலை அசைக்காமல் 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு நேரே போங்கள்.